மாவுக்கு உகந்த மூலை பியருக்கு ஆகாது

இங்கிலாந்தில் குளிர்காலம் தொடங்கிவிட்டால் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளில் இட்லி மாவுப் பாத்திரம் இடம் மாறிவிடும். அடுப்படி மேடையிலேயே விட்டுவைத்தால் மறுநாள் காலையிலும் மாவு கரைத்து வைத்தபடியே கிடக்கும் என்பதால், பாத்திரத்தைத் துண்டால் சுற்றிச் சுவரோரத்து ரேடியேட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். விடிவதற்குள் மாவு பொங்கி மூடியைத் தொட்டிருக்கும். எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். சென்ற டிசம்பரில் விருந்தினருக்காக வாங்கிய 24 பியர் கேன்கள் அடங்கிய அட்டைப்பெட்டியை, வாசற்கதவைத் திறந்ததும் வரும் நடையில், மாவுப் பாத்திரம் வழக்கமாக உட்காரும் அந்த ரேடியேட்டரை ஒட்டியே இறக்கிவைத்தேன். நான்கு கேன்களை மட்டும் அன்றே உருவி, மாடிப்படிக்குக் கீழுள்ள அலமாரியின் தரையில் வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து இரண்டு இடத்திலிருந்தும் ஒவ்வொரு கேனை எடுத்து, ஒரே குளிர்பெட்டியில் ஓர் இரவு குளிரவைத்து, இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றிப் பார்த்தேன். நிறத்தில் வேறுபாடு தெரியவில்லை. நுரையும் ஒன்றுபோலவே எழுந்தது. முகர்ந்ததும் வேறுபாடு தெரிந்துவிட்டது. படிக்குக் கீழிருந்த பியரில் எலுமிச்சைத் தோலையும் அறுத்த புல்லையும் நினைவூட்டும் ஹாப்ஸ் மணம் இருந்தது; ஹாப்ஸ் என்பது பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ. ரேடியேட்டரை ஒட்டியிருந்ததில் அந்த மணம் மங்கி, மழையில் நனைந்த அட்டையின் வாடை மேலெழுந்திருந்தது. நாக்கில் கசப்பு மழுங்கி, கேட்காத ஓர் இனிப்பு தங்கியது. இரண்டும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பெட்டியில் வாங்கியவை. இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள, ரேடியேட்டர் சூட்டை எங்கெல்லாம் அனுப்புகிறது, அந்தச் சூடு பியருக்குள் என்ன செய்கிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டால் போதும்.

பிரிட்டனின் பெரும்பாலான வீடுகளில் ரேடியேட்டர் என்பது சுவரில் மாட்டப்பட்ட, உள்ளே வெந்நீர் ஓடும் எஃகுப் பலகை. சமையலறையிலோ அதற்கென ஒதுக்கிய அலமாரியிலோ இருக்கும் பாய்லர் எரிவாயுவை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கும். ஒரு பம்பு அந்த நீரைக் குழாய்கள் வழியே அறை அறையாகச் சுற்றிவரச் செய்யும். ஒவ்வொரு ரேடியேட்டரிலும் சூட்டை இறக்கிவிட்டுச் சற்றே ஆறிய நீர் மறுபடி பாய்லருக்கே திரும்பும். பாய்லரைவிட்டுப் புறப்படும்போது அந்த நீர் பெரும்பாலும் 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் தொழில் நடத்திய ஃபிரான்ஸ் சான் கல்லி என்பவரை இந்தச் சாதனத்தின் முன்னோடியாகச் சொல்வது வழக்கம்.

ரேடியேட்டர் என்ற பெயரைக் கேட்டால், இது கதிர்வீச்சால்தான் அறையைச் சூடாக்குகிறது என்று தோன்றும். உண்மையில் இன்றைய பலகை ரேடியேட்டர் தரும் சூட்டின் பெரும்பகுதி, பள்ளிப் பாடத்தில் நாம் படித்த வெப்பச்சலனத்தின் வழியாகவே அறைக்குள் வருகிறது. மேலிருந்து குனிந்து ரேடியேட்டரின் உள்ளே எட்டிப் பார்த்தால், மடித்து மடித்துப் பற்றவைத்த மெல்லிய தகடுகள் பலகைக்குப் பின்னால் வரிசையாகத் தெரியும். தரையோரத்துக் குளிர்ந்த காற்று அந்த மடிப்புகளின் அடியில் நுழைந்து, சூடேறி, இலேசாகி, மேல்வாய் வழியே எழும்புகிறது. அது சுவரோரமாகவே கூரையை எட்டி, கூரையடியில் அறையின் மறுபக்கம்வரை பரவி, ஆறி இறங்கி, தரையை ஒட்டி மீண்டும் ரேடியேட்டரை வந்தடைகிறது. அறையில் ஓசையின்றி ஒரு காற்றுச் சக்கரம் இடைவிடாமல் சுழல்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சக்கரத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் வீட்டில் எந்த இடம் சூடு, எந்த இடம் குளிர்ச்சி என்பது தானே விளங்கிவிடும். ரேடியேட்டருக்கு நேர் மேலே உள்ள இடம்தான் மிகச் சூடானது. கூரையை ஒட்டிய மேலலமாரி, ரேடியேட்டரிலிருந்து தள்ளியிருந்தாலும், நாம் நினைப்பதைவிடச் சூடாக இருக்கும். தள்ளியிருக்கும் தரை, அதிலும் வெளிச்சுவரை ஒட்டிய தரை, எல்லாவற்றிலும் குளிர்ந்தது. பியர் கெட்ட பிறகு ஒரு சாதாரண வெப்பமானியை எடுத்துக்கொண்டு எங்கள் நடை முழுவதும் அளந்தேன். சுவரில் இருந்த தெர்மோஸ்டாட் 20 டிகிரி என்று காட்டிக்கொண்டிருந்த அதே மாலையில், ரேடியேட்டருக்கு மேலுள்ள சாவி வைக்கும் பலகையில் 37 டிகிரி இருந்தது. பெட்டி இருந்த இடத்தில் 34. இரண்டு மீட்டர் தள்ளிப் படிக்கட்டின் அடித்தரையில் 16. ஒரே கூரைக்குக் கீழே, பத்தடி தூரத்துக்குள், சென்னையின் சித்திரையும் உதகையின் மார்கழியும் இருந்தன. வெப்ப நாட்டில் வளர்ந்த நமக்கு இது பழக்கமில்லாத நிலைமை. அங்கே வெயில் வீட்டை மொத்தமாகச் சூடாக்கும். இங்கே ஓர் அறைக்குள்ளேயே ஒரு மூலை மட்டும் கொதிக்கும், அதைத் தெர்மோஸ்டாட் காட்டித் தராது.

கதிர்வீச்சின் பங்கு குறைவு என்றாலும், பெட்டி பலகைக்கு எதிரிலேயே இருந்தால் அதையும் ஒதுக்கிவிட முடியாது. 65 டிகிரிச் சூட்டில் இருக்கும் ரேடியேட்டரின் முகம், 20 டிகிரி அறையில், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 வாட் வெப்பத்தைக் கதிராக வீசுகிறது. வெள்ளை வண்ணம் பூசியிருப்பதால் கதிர்வீச்சு குறையும் என்று பலர் எண்ணுகிறார்கள். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களைப் பொறுத்தவரை வெள்ளை வண்ணமும் கறுப்பு வண்ணமும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்றாவது வழி நேரடியாகத் தொட்டுக்கொண்டிருப்பதால் நிகழும் வெப்பக் கடத்தல். பெட்டி ரேடியேட்டரில் சாய்ந்திருந்தாலோ, தரைப்பலகைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாயின் மேல் உட்கார்ந்திருந்தாலோ இதுவும் சேர்ந்துகொள்ளும்.

“அட்டைப்பெட்டிக்குள்தானே இருக்கிறது, அவ்வளவு எளிதில் சூடாகிவிடுமா?” என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 330 மில்லிலிட்டர் கேன்கள் 24 என்றால் ஏறக்குறைய 8 லிட்டர் பியர். பியரின் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், 8 லிட்டரின் சூட்டை 10 டிகிரி உயர்த்த 336 கிலோஜூல் வெப்பம் வேண்டும். நடுத்தர அளவுள்ள ஒரு ரேடியேட்டர் 1,000 வாட் தருகிறது என்றால், அது ஐந்தரை நிமிடத்தில் வெளியிடும் வெப்பம் அவ்வளவுதான். அதில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே பெட்டிக்குள் இறங்கினாலும் இரண்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். அட்டை சூட்டைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுத்துவிடாது. அதோடு, ஏறிய சூடு இறங்குவதையும் அதே அட்டை தாமதப்படுத்தும்: இரவு பத்து மணிக்குப் பாய்லர் நின்ற பிறகும் பெட்டியின் நடுவில் இருக்கும் கேன்கள் நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும், அவை முழுதும் ஆறுமுன்பே விடியற்காலைச் சூடு தொடங்கிவிடும். இப்படிக் காலையும் மாலையுமாக மூன்று வாரம் நடந்ததைத்தான் நான் குவளையில் முகர்ந்தேன்.

இனிப் பியருக்குள் நடப்பதைப் பார்ப்போம். மாவு விஷயத்தில் நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஓர் உண்மை இங்கே உதவும். சித்திரை மாதத்தில் நான்கைந்து மணி நேரத்தில் புளிக்கும் மாவு, குளிர்ந்த ஊரில் ஒரு பகல் முழுவதும் எடுத்துக்கொள்கிறது. மாவில் நடப்பது உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை. அடைத்து முடித்த பியரில் நடப்பது பெரும்பாலும் உயிரில்லாத வேதிவினை. ஆனாலும் சூடு ஏற ஏற வேகம் கூடுகிறது என்பதில் இரண்டும் ஒன்றே. வேதிவினைகள் பலவற்றில், 10 டிகிரி கூடினால் வேகம் இரண்டு அல்லது மூன்று மடங்காகும் என்பது பொதுவான கணிப்பு. பியர்த் தொழிலில் இருப்பவர்கள் இதை இன்னும் கடுமையாகச் சொல்வார்கள்: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள் ஆகிய மூன்றும் பியரை ஒரே அளவுக்கு முதுமையாக்கும் என்பது அவர்களிடையே வழங்கும் கைக்கணக்கு. எல்லாப் பியருக்கும் அப்படியே பொருந்தும் விதி அன்று அது. ஆனால் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது.

அந்த முதுமை என்பது என்ன? அடைக்கும்போது எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒவ்வொரு கேனுக்குள்ளும் பாட்டிலுக்குள்ளும் சிறிதளவு ஆக்சிஜன் சேர்ந்தே போகும். மால்ட் என்னும் முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து வரும் கொழுப்பு அமிலங்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து உண்டாகும் பொருள்களில் ஒன்று டிரான்ஸ்-2-நோனெனல். நனைந்த அட்டை வாடைக்குக் காரணம் இதுதான் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஆயிரம் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே பழகிய மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும். நம் வீடுகளில் அடைத்துவைத்த எண்ணெய் நாளடைவில் காறிப்போகிறதே, அதற்கு இது நெருங்கிய உறவு. அங்கேயும் கொழுப்பைத்தான் ஆக்சிஜன் சிதைக்கிறது, அங்கேயும் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணெய்தான் முதலில் காறும். எண்ணெய் டப்பாவை அடுப்போரத்திலிருந்து தள்ளிவைக்கத் தெரிந்த நமக்குப் பியரைப் பற்றிப் புதிதாகக் கற்றுக்கொள்ள அதிகமில்லை என்பது என் எண்ணம்.

இன்னொரு பக்கம் கசப்பு தேய்கிறது. ஹாப்ஸைக் கொதிக்கவைக்கும்போது உருவாகும் ஐசோ-ஆல்பா அமிலங்கள்தான் பியரின் கசப்புக்கு ஆதாரம். அவை சூட்டில் மெல்லச் சிதைகின்றன. ஹாப்ஸின் மணமோ அதைவிட விரைவாக அடங்கிவிடும். கசப்பும் மணமும் பின்வாங்க, தேன், வெல்லப்பாகு போன்ற இனிப்புச் சாயல்கள் முன்னால் வந்து நிற்கின்றன. ஹாப்ஸ் மணத்துக்காகவே குடிக்கப்படும் ஐபிஏ வகைப் பியர்கள் சூட்டில் முதலில் பலியாவதும், வெளிர்நிற லாகர் வகையில் குறை உடனே தெரிந்துவிடுவதும் இதனால்தான். கறுத்த ஸ்டவுட் வகைகளில் வறுத்த மால்ட்டின் சுவை சில குறைகளை மறைத்துவிடும். ஆல்கஹால் அளவு கூடிய சில கனமான பியர்கள் ஆண்டுக்கணக்கில் பக்குவப்பட வைக்கப்படுவதும் உண்டு. ஆனால் அந்தப் பக்குவம் குளிர்ந்த நிலவறையில், பொறுமையாக நடக்க வேண்டியது.

பாஸ்டர் முறையில் சூடுகாட்டிய பியர் கெடாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அந்த முறை பியரைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லும், அவ்வளவுதான். ஆக்சிஜனுக்கும் கொழுப்புக்கும் நடக்கும் வினையை அது நிறுத்தாது. இதன் மறுபக்கமாக, பாட்டிலின் அடியில் உயிருள்ள ஈஸ்ட் படிந்திருக்கும் பியர்களில் அந்த ஈஸ்ட் ஆக்சிஜனின் ஒரு பகுதியைத் தானே விழுங்கி ஓரளவு காப்பளிக்கிறது. ஆனால் 35 டிகிரிச் சூட்டில் வாரக்கணக்கில் விட்டால் அந்த ஈஸ்டே மடிந்து சிதைந்து புதிய வாடையைக் கிளப்பும்.

சூட்டில் கேன் வெடித்துவிடுமா என்று அஞ்சுபவர்களும் உண்டு. கரியமில வாயு குளிர்ந்த நீரில் நன்கு கரையும், சூடான நீரில் கரைய மறுக்கும். ஆகவே பியர் சூடாக ஆக வாயு வெளியேறி மூடியின் அடியில் அழுத்தம் கூட்டும். சாதாரண லாகர் கேன் ஒன்றில் 4 டிகிரியில் ஒரு வளிமண்டலத்துக்கும் குறைவாக இருக்கும் கூடுதல் அழுத்தம், 20 டிகிரியில் இரண்டை நெருங்கி, 35 டிகிரியில் மூன்றைத் தாண்டிவிடும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைவிட அது அதிகம். ஆலையில் 60 டிகிரிவரை சூடுகாட்டப்படுவதைத் தாங்கும்படிதான் கேன்கள் செய்யப்படுகின்றன என்பதால், நல்ல கேன் ரேடியேட்டர் ஓரத்தில் வெடிப்பது அரிது. நசுங்கிய கேன், சர்க்கரை கூடிப்போன வீட்டுத் தயாரிப்பு பாட்டில் ஆகியவற்றுக்கு இந்த உறுதியைத் தர முடியாது. கண்ணாடி பாட்டில் வெடித்தால் காயமும் உண்டாகலாம். வெடிக்காவிட்டாலும், வெதுவெதுப்பாக இருக்கும் கேனைத் திறந்தால் பாதி நுரையாகச் சுவரில்தான் இருக்கும்.

வீட்டிலேயே பியர் தயாரிப்பவர்களுக்கு மட்டும் ரேடியேட்டர் ஒரு கட்டத்தில் நண்பனாகத் தெரியும். பிரிட்டனில் 1963 முதல் சொந்தப் பயன்பாட்டுக்குப் பியர் தயாரிக்க உரிமம் தேவையில்லை. குளிர்காலத்தில் நொதிக்கும் வாளியை ரேடியேட்டர் பக்கம் நகர்த்துவது அவர்களில் பலர் செய்வதுதான். நொதித்தலுக்குச் சூடு வேண்டும் என்பது சரி, ஆனால் அது நிலையான சூடாக இருக்க வேண்டும். ஏல் என்னும் பியர் வகைக்கான ஈஸ்ட் பெரும்பாலும் 18 முதல் 22 டிகிரியில் நன்கு வேலை செய்யும். நொதிக்கும்போது அதுவே தன் பங்குக்குச் சூட்டையும் உண்டாக்கும். ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் குளிர்ந்து, பகலில் ஏறி இரவில் இறங்கும் ரேடியேட்டர் ஓரத்தில் அந்த ஈஸ்ட் தடுமாறி, தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹால்களை உண்டாக்கிவிடும். மாவு ஓர் இரவில் முடிந்துவிடும், அதனால் தாங்குகிறது; பியர் ஒன்றிரண்டு வாரம் அங்கே இருக்க வேண்டியிருக்கிறது.

பிரிட்டனுக்குப் புதிதாக வருபவர்களிடம் இன்னொரு தவறான எண்ணமும் காணப்படுகிறது. ஆங்கிலேயர் பியரை வெதுவெதுப்பாகத்தான் குடிப்பார்கள், எனவே அறைச்சூட்டில் வைப்பதால் குறையில்லை என்பார்கள். பப்புகளில் பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இறைத்துத் தரப்படும் ஏல், 11 முதல் 13 டிகிரிவரை உள்ள நிலவறைக் குளிர்ச்சியில் பேணப்படுவது. குளிர்பெட்டியோடு ஒப்பிட்டால்தான் அது வெதுவெதுப்பு. ரேடியேட்டர் எரியும் வரவேற்பறையோடு ஒப்பிட்டால் நல்ல குளிர்ச்சி.

ஒளியையும் சூட்டையும் குழப்பிக்கொள்வதும் பொதுவான தவறு. பியரில் சில நேரம் எழும் கடுமையான நாற்றத்துக்குச் சூடு காரணமன்று. ஒளி பட்டு ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் உடைந்து ஒரு கந்தகச் சேர்மமாக மாறுவதால் அது உண்டாகிறது. பழுப்புக் கண்ணாடி பெருமளவு காக்கும். பச்சைக் கண்ணாடியும் நிறமற்ற கண்ணாடியும் அவ்வளவு காக்காது. கேனுக்கு அந்தத் தொல்லையே இல்லை. இங்குள்ள வீடுகளில் சன்னலிலிருந்து இறங்கும் குளிர்காற்றைத் தடுக்க ரேடியேட்டரைச் சன்னலுக்கு அடியில்தான் பெரும்பாலும் மாட்டுவார்கள். ஆகவே சன்னல் திண்டில் வைத்த பாட்டிலுக்குக் கீழிருந்து சூடும் வெளியிலிருந்து ஒளியும் சேர்ந்தே கிடைக்கின்றன. வீட்டில் பியருக்கு அதைவிட மோசமான இடம் இல்லை. குளிரவைத்த பியரை வெளியே எடுத்து மறுபடி குளிரவைத்தாலே கெட்டுவிடும் என்று சொல்வதும் சரியன்று. எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதைவிட, மொத்தம் எவ்வளவு நேரம் எவ்வளவு சூட்டில் இருந்தது என்பதே முக்கியம்.

அப்படியானால் எங்கே வைப்பது? குளிர்பெட்டியில் இடம் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். இல்லையென்றால் மாடிப்படிக்குக் கீழுள்ள அலமாரியின் தரை பெரும்பாலான வீடுகளில் நல்ல இடம். ஆனால் அங்கே வெந்நீர்க் குழாய் ஓடுகிறதா என்பதைப் பாய்லர் எரியும் வேளையில் தரையிலும் சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். துணி உலர்த்துவதற்கென வெந்நீர்த் தொட்டியை உள்ளடக்கிய அலமாரி இருக்கும் வீடுகளில், அது மூடியிருப்பதால் நல்ல இடம்போலத் தோன்றும். அந்தத் தொட்டி 60 டிகிரியில் இருப்பதால் அங்கே வைக்கவே கூடாது. குளிர்பெட்டியின் தலைமேலும் வேண்டாம், ஏனெனில் உள்ளிருந்து எடுத்த சூட்டை அது தன் முதுகுப்புறமாகத்தான் வெளியேற்றுகிறது. வடக்குப் பார்த்த, யாரும் படுக்காத சிற்றறை ஒன்று இருந்தால் அங்குள்ள ரேடியேட்டரைக் குறைத்துவைத்து அதையே கிடங்காக்கிவிடலாம். ரேடியேட்டரின் ஓரத்தில் 1 முதல் 5 வரை எண்கள் பொறித்த திருகு இருக்கும். டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனத்தைத் தொடங்கிய மாட்ஸ் கிளௌசன் 1943இல் உருவாக்கிய வால்வின் வழிவந்தது அது. 3 என்பது ஏறக்குறைய 20 டிகிரி. 1 என்று வைத்தால் அறை நன்கு குளிர்ந்திருக்கும். கார் நிறுத்தும் கொட்டகையும் நல்லதுதான், ஆனால் கடும் உறைபனி இரவுகளில் கவனம் வேண்டும்: 5 சதவீத ஆல்கஹால் உள்ள பியர் மைனஸ் 2 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கி, கேனைப் பிளந்துவிடும்.

இடம் மாற்றுவதால் வீட்டுக்கும் ஒரு நன்மை உண்டு என்பதை நான் பிறகுதான் கவனித்தேன். ரேடியேட்டரின் முன்னால் பெட்டியை அடைத்துவைத்தால் அடியில் நுழைய வேண்டிய காற்று தடைப்படும். மேற்சொன்ன வால்வு தன்னைச் சுற்றியுள்ள காற்றின் சூட்டைத்தான் உணர்கிறது. பெட்டிக்குப் பின்னால் தேங்கிய சூட்டைக் கண்டு, அறை முழுதும் சூடாகிவிட்டதாகக் கருதி, நீரைக் குறைத்துவிடும். சென்ற டிசம்பர் முழுவதும் எங்கள் நடை ஏன் குளிர்ந்தே கிடந்தது என்பதற்கு விடை அந்தப் பெட்டியில் இருந்தது. அதை எடுத்த மறுநாளே நடையில் சூடு சீராகப் பரவியது.

ஏற்கெனவே சூட்டில் கிடந்துவிட்ட பியரை என்ன செய்வது என்றால், அது நஞ்சாகிவிடவில்லை, சுவைதான் போயிருக்கிறது. முதலில் கேன்களைத் தொட்டால் குளிர்ச்சி தெரியும்வரை ஆறவைத்து, பிறகு ஒரு நாள் அசையாமல் குளிர்பெட்டியில் வைத்துத் திறக்க வேண்டும். நான் மீதியிருந்த கேன்களில் சிலவற்றை ஆட்டிறைச்சியை மெதுவாக வேகவைக்கும்போது தண்ணீருக்குப் பதிலாக ஊற்றினேன். சிலவற்றை மீனைத் தோய்த்துப் பொரிக்கும் மாவில் கலந்தேன். வெங்காயமும் மிளகும் சேர்ந்த இடத்தில் அட்டை வாடை தெரியவில்லை. ஹாப்ஸ் மணத்துக்காகவே வாங்கிய அந்தப் பியரை அதற்குரிய விதத்தில் குடிக்க, படிக்குக் கீழே வைத்த நான்கில் மூன்று மட்டுமே மிச்சம் இருந்தன.